வரிசை உங்கள் ரவுட்டரில் நிற்கட்டும்

நெட் ஸ்லோ என்று வீட்டில் புகார் கிளம்பியதும் பெரும்பாலானவர்கள் அடுத்த பிளானுக்கு மாறிவிடுகிறார்கள். 40 எம்பிபிஎஸ் வைத்திருந்தவர் 100க்குப் போகிறார், 100 வைத்திருந்தவர் 200க்கு. மாதக் கட்டணம் ஏறுகிறது. ஆனால் மீட்டிங்கில் குரல் உடைவது மட்டும் நிற்பதில்லை. இணையவழிப் பேச்சுக்கு நொடிக்கு 100 கிலோபிட் இருந்தால் தாராளம். வீடியோவையும் சேர்த்தால்கூடப் பெரும்பாலும் மூன்று எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. இவ்வளவு சிறிய தேவை 40 எம்பிபிஎஸ் லைனில் நிறைவேறவில்லை என்றால் கோளாறு வேகத்தில் இருக்க வாய்ப்பில்லை. பாக்கெட்டுகள் எங்கோ காத்துக்கிடக்கின்றன. எங்கே, எவ்வளவு நேரம், அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தளத்தில் அண்ணனின் போட்டோ ஸ்டுடியோ. மாடியில் தம்பி குடும்பம். தம்பிக்கு ஐடி வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறார். அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. சாயங்காலம் ஆன்லைன் டியூஷன். ஹாலில் தாத்தா டிவியில் யூடியூப் பார்ப்பார். வாசலுக்கும் ஸ்டுடியோவுக்குமாக நான்கு சிசிடிவி கேமராக்கள். அத்தனைக்கும் ஒரே ஃபைபர் இணைப்பு, ஏற்றவும் இறக்கவும் 40 எம்பிபிஎஸ். முகூர்த்த நாளுக்கு மறுநாள் அண்ணன் 30 ஜிபி கல்யாண வீடியோவை எடிட்டருக்கு அனுப்ப கூகுள் டிரைவில் ஏற்றத் தொடங்குகிறார். சற்று நேரத்தில் மாடிப்படியிலிருந்து சத்தம் வரும்: "அண்ணே, ஏதாவது ஏத்துறீங்களா? கிளையன்ட் கால்ல இருக்கேன், நான் பேசறது அவங்களுக்குக் கேக்கவே மாட்டேங்குது!"

அந்த நேரத்தில் லைனில் நடப்பது இதுதான். வீடியோ ஃபைல் 1500 பைட் அளவிலான பாக்கெட்டுகளாக வெட்டப்பட்டுக் கிளம்புகிறது. ஸ்டுடியோ கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வரை கேபிளில் ஒரு ஜிகாபிட் வேகம். அங்கிருந்து வெளியே 40 எம்பிபிஎஸ் மட்டும். உள்ளே வருவது அதிகம், வெளியே போவது குறைவு. மிஞ்சிய பாக்கெட்டுகள் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டியின் நினைவகத்தில் வரிசையில் நிற்கின்றன. அந்த நினைவகத்துக்கு பஃபர் என்று பெயர். அது இரண்டு மெகாபைட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மெகாபைட் என்றால் 16 மெகாபிட். நொடிக்கு 40 மெகாபிட் வெளியேறும் லைனில் அது காலியாக 0.4 நொடி, அதாவது 400 மில்லி செகண்ட் பிடிக்கும். தம்பியின் குரல் நொடிக்கு ஐம்பது சின்னப் பாக்கெட்டுகளாகக் கிளம்புகிறது. ஒவ்வொன்றும் சுமார் 200 பைட்தான். வங்கி கவுன்டரில் பாஸ்புக் பதிய வந்தவர், மூட்டை மூட்டையாகச் சில்லறை கட்ட வந்தவருக்குப் பின்னால் நிற்பதுபோல, அந்த 200 பைட் பாக்கெட் ஒவ்வொன்றும் இரண்டு மெகாபைட் வீடியோவுக்குப் பின்னால் நிற்கிறது. இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ள ஒருவழித் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே 400 போய்விட்டால் கிளையன்ட்டுக்கு என்ன கேட்கும்?

ஏற்றும் பக்கம் அடைத்துக்கொண்டால் இறக்கும் பக்கமும் தடுமாறும். ஒரு ஃபைலை இறக்கும்போது, வந்து சேர்ந்த பாக்கெட்டுகளுக்கான ஒப்புகை திரும்பிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒப்புகைகளும் இதே நெரிசலில் மாட்டிக்கொள்கின்றன. அண்ணன் செய்வது அப்லோடாக இருந்தாலும் தாத்தாவின் யூடியூப் சுற்றிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

இந்தச் சிக்கல் இணையத்தின் இளமைக்காலத்திலேயே தலைகாட்டியது. 1985இல் ஜான் நேகிள், பஃபர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நெரிசல் தீராது என்று காட்டி, அனுப்புகிறவர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து முறைபோட்டு அனுப்பும் யோசனையை எழுதினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, கூப்பிடு தூரத்தில், இணைப்பின் வேகம் 32 கிலோபிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. அதைத் துருவி ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட நெரிசல் தவிர்ப்பு முறைகளின் வழிவந்தவைதான் இன்றும் நம் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடுகின்றன. அந்த முறைகளுக்கு ஒரு சைகை வேண்டும்: பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு அனுப்புகிறவர் வேகத்தைக் குறைப்பார். பிறகு நினைவகச் சில்லுகளின் விலை சரிந்தது. பாக்கெட் தொலையவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் பெட்டிகளில் பஃபரை அள்ளிப் போட்டார்கள். பாக்கெட் தொலைவதில்லை, அதனால் சைகையும் போவதில்லை, அனுப்புகிறவர் வேகத்தைக் குறைப்பதும் இல்லை. 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்த ஜிம் கெட்டிஸ் வைத்த பெயர் பஃபர்புளோட். நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான். ஆனாலும் வீட்டு இணையத்தை இவ்வளவு காலம் கெடுத்த பிழை வேறொன்று இல்லை என்பேன்.

முதலில் அளந்து பாருங்கள்

மருந்துக்கு முன் நோயை உறுதி செய்ய வேண்டும். ஒரு லேப்டாப்பை வைஃபையில் விடாமல் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். வைஃபையில் அளந்தால் வைஃபையின் கோளாறும் லைனின் கோளாறும் கலந்துவிடும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பிங் கட்டளையை 8.8.8.8 என்ற முகவரிக்கு இடைவிடாமல் ஓடவிடுங்கள். ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று அது காட்டும். வீட்டில் யாரும் எதுவும் செய்யாத நேரத்தில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபைபரில் பெரும்பாலும் ஓரிலக்கமாகவோ சிறிய ஈரிலக்கமாகவோ இருக்கும். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய வீடியோவை டிரைவில் ஏற்றுங்கள். எண் 8லிருந்து 12க்கோ 20க்கோ போனால் உங்கள் லைன் ஆரோக்கியமாக இருக்கிறது. இந்த அத்தியாயத்தின் மீதி உங்களுக்குத் தேவையில்லை. 200, 400 என்று தாவினால் நோய் இதுவேதான். யாருமே எதுவும் செய்யாதபோதும் எண் தாறுமாறாக இருந்தால் பழுது லைனிலோ கம்பெனியின் பக்கத்திலோ இருக்கிறது. அதை ரவுட்டரில் சரிசெய்ய முடியாது. புகார் எண்ணைக் கூப்பிடுங்கள்.

கட்டளை அடிக்கத் தயங்குபவர்களுக்கு ஊக்லாவின் ஸ்பீடுடெஸ்ட் ஆப் போதும். அதில் வேகத்தின் பெரிய எண்ணுக்கு அருகே மூன்று சிறிய பிங் எண்கள் வரும்: சும்மா இருக்கும்போது, இறக்கும்போது, ஏற்றும்போது. எல்லாரும் பெரிய எண்ணைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சிறிய மூன்றை.

வேகத்தையும் அளந்து வையுங்கள். காலை ஆறு மணிக்கு அல்ல, ராத்திரி ஒன்பது மணிக்கு, தெருவே வீடியோ பார்க்கும் நேரத்தில். அப்போது கிடைக்கும் வேகம்தான் நீங்கள் நம்பிக் கணக்குப்போடக்கூடிய வேகம்.

வரிசையை இடம் மாற்றுங்கள்

கம்பெனிக்காரரின் பெட்டிக்குள் இருக்கும் வரிசையை நாம் தொட முடியாது. ஆனால் அங்கே வரிசையே உருவாகாமல் செய்ய முடியும். லைன் 40 கொடுக்கிறது என்றால் நம் ரவுட்டரை 36க்கு மேல் வெளியே விடாதே என்று கட்டிப்போட வேண்டும். கம்பெனிப் பெட்டிக்கு அதன் திறனைவிடக் குறைவாகவே வருவதால் அங்கே எதுவும் தேங்காது. தேங்குவதெல்லாம் நம் ரவுட்டரில்தான். அங்கே யார் முதலில், யார் பிறகு என்று தீர்மானிக்கும் அதிகாரம் நம் கையில். இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் ரவுட்டரில் எத்தனை முன்னுரிமை விதிகள் எழுதினாலும் அவை காகிதத்தில்தான் இருக்கும். வரிசை வேறு இடத்தில் நிற்கிறதே.

வேகத்தைக் குறைப்பதா என்று மனம் ஒப்பாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 ஜிபி வீடியோ முழு 40 எம்பிபிஎஸ்ஸில் ஏற ஒரு மணி 40 நிமிடம் ஆகும். 36இல் ஒரு மணி 51 நிமிடம். அண்ணனுக்குப் பதினோரு நிமிடம் கூடுதல். தம்பிக்கு மீட்டிங் முழுக்கத் தெளிவான குரல். இதைவிட மலிவான பேரம் இணையத்தில் கிடைக்காது.

ஏற்றும் பக்கத்துக்கு, அளந்த வேகத்தில் 90 முதல் 95 சதவீதம் வையுங்கள். இறக்கும் பக்கத்துக்கு 85 முதல் 90. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. ஏறும் பாக்கெட்டுகள் நம் கையிலிருந்து கிளம்புகின்றன, நேரடியாக அடக்கலாம். இறங்கும் பாக்கெட்டுகள் ஏற்கெனவே லைனைக் கடந்து வந்துவிட்டவை. வந்ததில் சிலவற்றை நாம் கைவிட்டால் எங்கோ இருக்கும் சர்வர் அதை உணர்ந்து வேகத்தைக் குறைக்கும். சுற்றுவழி வைத்தியம் என்பதால் கொஞ்சம் கூடுதல் இடைவெளி வேண்டும்.

எந்தப் பெட்டியில் செய்வது

இணைப்போடு இலவசமாக வரும் பெட்டியில் இதற்கான வசதி பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் பூட்டியிருக்கும். உங்கள் சொந்த ரவுட்டரை அதற்குப் பின்னால் மாட்டுங்கள். கம்பெனிப் பெட்டியை வெறும் பாலமாக மட்டும் இயங்கும் பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரச் சொல்லி, இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் ஆபரேட்டரிடம் நேரில் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார். மறுத்தால் அந்தப் பெட்டிக்குப் பின்னாலேயே உங்கள் ரவுட்டரை வைக்கலாம். பெரிய குறை ஒன்றும் வராது. ஆனால் ஒன்று மறக்கக் கூடாது: கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதில் ஒரே ஒரு போன் இணைந்திருந்தாலும் அது உங்கள் கட்டுப்பாட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. கேமராக்களின் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியின் கேபிளையும் பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் புதிய ரவுட்டரில் செருகுங்கள். நான்கு கேமராவும் இரவுபகலாக கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தால் அது சத்தமில்லாத பெரிய அப்லோடு.

என் பரிந்துரை, ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டர். மைக்ரோடிக் பழகியவர்கள் அதன் ஏழாம் பதிப்பு மென்பொருளிலும் இதையே செய்யலாம். இரண்டிலும் கேக் என்ற வரிசை முறை இருக்கிறது. அதன் வேர் 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி செகண்டைத் தாண்டி, 100 மில்லி செகண்ட் நேரம் அப்படியே நீடித்தால் பாக்கெட்டைக் கைவிடத் தொடங்கும். அனுப்புகிறவர் அடங்குவார். இதோடு நேகிளின் பழைய யோசனையின் வழிவந்த, ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை என்ற முறையும் சேர்ந்தது. எல்லாம் ஒன்றுகூடி 2018இல் லினக்ஸ் கெர்னல் 4.19இல் கேக் இடம்பெற்றது. காசு வாங்காமல் உழைத்தவர்கள் பலர் இதன் பின்னால் இருக்கிறார்கள். டேவ் டாட் என்பவர் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 2025 ஏப்ரலில் மறைந்தார்.

ஓபன்டபிள்யூஆர்டியில் வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவியதும் நெட்வொர்க் மெனுவில் அதன் பக்கம் வரும். வெளியே போகும் இணைப்பான வேன் போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தைக் கிலோபிட்டில் எழுத வேண்டும்: நம் உதாரண வீட்டுக்கு இறக்க 35000, ஏற்ற 36000. பூஜ்யம் என்று விட்டால் அந்தப் பக்கத்துக்குக் கட்டுப்பாடே இல்லை என்று பொருள். வரிசை முறையில் கேக் தேர்ந்தெடுங்கள். பாக்கெட்டின் மேலுறைக்கான கணக்கைக் கேட்கும் இடத்தில் 44 என்று வைத்தால் பெரும்பாலான இணைப்புகளுக்குப் பாதுகாப்பு. சேமித்துவிட்டு மறுபடி பிங் ஓடவிட்டு வீடியோவை ஏற்றிப் பாருங்கள். 400 என்றிருந்த எண் 20க்குள் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வேகத்தை இன்னும் ஆயிரம் ஆயிரமாகக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் அசையாவிட்டால் ஹார்டுவேர் ஆஃப்லோடிங் என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அது பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் அனுப்பிவிடும், அணைக்க வேண்டும். அணைத்தால் ரவுட்டரின் சிபியுதான் எல்லாப் பாக்கெட்டையும் தூக்கியாக வேண்டும். அதனால் விலை குறைந்த பழைய ரவுட்டர் 200, 300 எம்பிபிஎஸ் லைனுக்குத் தாங்காது.

முன்னுரிமை யாருக்கு

இங்கே என் கருத்தைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன். முன்னுரிமை விதிகளை முதல் நாளே எழுதாதீர்கள். நியாயமான பங்கீடு சரியாக அமைந்துவிட்டால் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு முன்னுரிமை தேவைப்படாது. குரல் பாக்கெட் குறைவாகவே கேட்கிறது. தனக்குரிய பங்கைக்கூட அது முழுதாக எடுப்பதில்லை. தனி வரிசை கிடைத்த உடனே அது காத்திராமல் போய்விடும்.

பங்கீட்டில் ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். சாதாரணமாகப் பங்கு இணைப்புவாரியாகப் பிரிகிறது. டோரன்ட் போட்ட ஒரு கம்ப்யூட்டர் ஐம்பது இணைப்பு திறந்தால் ஐம்பது பங்கு வாங்கிக்கொள்ளும். மகளின் டியூஷன் டேப்லட்டுக்கு ஒன்றோ இரண்டோதான். கேக்கில் கருவிவாரியாகப் பிரிக்கச் சொல்லலாம். அப்போது எத்தனை இணைப்பு திறந்தாலும் ஒரு கருவிக்கு ஒரு பங்குதான். மேன்ஷன், ஹாஸ்டல், பிஜி நடத்துபவர்களுக்கு இந்த ஒரு அமைப்பே போதும்; பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

இதற்கு மேலும் தேவைப்பட்டால், 10 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே உள்ள லைனிலோ நிறையப் பேர் பேசும் அலுவலகத்திலோ, முன்னுரிமைக்குப் போகலாம். பேச்சு மேலே; பேக்கப், விண்டோஸ் அப்டேட், டோரன்ட் கீழே; மற்றதெல்லாம் நடுவில். நடுவில் இருப்பவற்றைப் பிரித்துக்கொண்டே போகாதீர்கள். மேல் அடுக்குக்கு உச்சவரம்பும் வேண்டும். கேக்கின் குரல் அடுக்கு மொத்த வேகத்தில் கால்பங்கு வரைதான் முந்திச் செல்லும். அதைத் தாண்டினால் சலுகை பறிபோகும். யாராவது டோரன்ட்டைக் குரல் என்று பொய்யாக முத்திரை குத்தினாலும் லாபமில்லை. சில பழைய ரவுட்டர்களின் முன்னுரிமைப் பக்கத்தில் இந்த வரம்பு கிடையாது. அங்கே ஒரு கருவியை உயர்ந்ததாக வைத்தால், அந்த லேப்டாப்பில் ஓடும் அப்டேட்டும் சேர்ந்து உயர்ந்துவிடும், மற்றவர்கள் பட்டினி.

பேச்சை ரவுட்டர் எப்படி அடையாளம் காணும்? போர்ட் எண்ணால். ஜூம் தன் குரலையும் படத்தையும் யூடிபி 8801 முதல் 8810 வரை அனுப்புகிறது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் 3478 முதல் 3481 வரை. யூடிபி தடுக்கப்பட்டால் இவை 443க்கு மாறிவிடும். மற்ற இணையப் போக்குவரத்தும் அதே போர்ட்டில்தான் ஓடுகிறது. அப்போது இந்த விதி பயன்படாது.

ரவுட்டரைத் தொடாமலே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஓடும் கூகுள் டிரைவின் அமைப்புகளில் ஏற்றும் வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். அண்ணன் அங்கே ஒரு வரம்பைப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். விண்டோஸ் அப்டேட்டிலும் டெலிவரி ஆப்டிமைசேஷன் பகுதியில் வரம்பு உண்டு. சுற்றுலா போய்த் திரும்பியதும் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் போட்டோ பேக்கப்பை ஆரம்பிக்கும். அன்றைக்கு மட்டும் ராத்திரிக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

வைஃபை தனிக்கதை. கேபிளில் எண் சரியாக வந்து, படுக்கையறையில் மட்டும் குரல் உடைந்தால் இந்த அத்தியாயத்தில் சொன்ன எதுவும் உதவாது. ரவுட்டரை நடுவீட்டுக்கு மாற்றுங்கள், பக்கத்தில் இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். டிவி, டிவிஆர், மேசைக் கம்ப்யூட்டர் போன்ற நகராத கருவிகளைக் கேபிளுக்கு மாற்றிவிட்டால் நகரும் கருவிகளுக்குக் காற்றில் இடம் கிடைக்கும்.

பகிர்ந்து வாழும் இடத்தில் யாருக்கு முதலிடம் என்பதை ரவுட்டரின் பாஸ்வேர்டு வைத்திருப்பவர் தனியாக முடிவு செய்யக் கூடாது. எந்த விதி வைத்திருக்கிறீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். குறிப்பாக ஹாஸ்டல் நடத்துபவர்கள் அறிவிப்புப் பலகையிலேயே எழுதி ஒட்டலாம். இணையச் சேவை நிறுவனங்கள் உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இல் தடை போட்டது. உங்கள் வீட்டு ரவுட்டரை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் மாத வாடகையில் நெட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கும் பெண் பிள்ளைக்கு, தன் வீடியோ ஏன் பின்னால் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

கடைசியாக, ரவுட்டரில் எழுதிய எண்ணை மறந்துவிடாதீர்கள். மாத டேட்டா வரம்பைத் தாண்டி கம்பெனி வேகத்தைச் சில எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிட்டால் 36000 என்ற கட்டுப்பாட்டுக்கு அர்த்தமில்லை. வரிசை மறுபடி கம்பெனிப் பெட்டிக்கே போய்விடும். அந்த நாட்களுக்குப் புதிதாக அளந்து எண்ணை இறக்குங்கள். பிளானை 100க்கு உயர்த்தினால் அன்றைக்கே எண்ணையும் உயர்த்துங்கள். உயர்த்தாதவரை 100க்குப் பணம் கட்டினாலும் வீட்டுக்குள் 35தான் வரும்.